காரில் 'காஸ்' தீர்ந்து போகுமா?

வீட்டில் பதினைந்து, இருபது வயதான கார் ஒன்று இருந்தால், கோடை பிறந்ததும் இந்த வசனம் உங்கள் காதில் விழாமல் இராது: "ஏ.ஸி.யிலே காஸ் தீர்ந்து போச்சு, அம்மா! ரொப்பிட்டாச் சரியாயிடும்." நீங்களும் பணத்தைக் கொடுத்து நிரப்பிக்கொண்டு வருகிறீர்கள். சித்திரை முழுவதும் ஜிலுஜிலு என்று இருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் மறுபடியும் அனல் காற்று! மறுபடியும் பட்டறை, மறுபடியும் பணம்.

சகோதரிகளே, உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டு ரெஃப்ரிஜிரேட்டருக்கு இதுவரை எத்தனை தடவை காஸ் நிரப்பியிருக்கிறீர்கள்? 'ஒரு தடவைகூட இல்லை' என்றுதான் உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். அப்படியானால் காருக்கு மட்டும் ஏன் இந்த ஓயாத பசி?

விஷயம் இதுதான். அடுப்பில் எரிகிற காஸ் மாதிரி இது செலவாகிற பண்டம் அல்ல. ஒரே காஸ்தான் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாபரேட்டரில் அது ஆவியாகும்போது காருக்குள் உள்ள உஷ்ணத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸருக்குத் தள்ளுகிறது. அங்கே உஷ்ணத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு, மறுபடி திரவமாகித் திரும்புகிறது. காஸ் 'தீர்ந்து' போயிற்று என்றால், எங்கோ கசிகிறது என்றே அர்த்தம்.

ரெஃப்ரிஜிரேட்டரில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன, குழாய்களையும் பற்றவைத்திருக்கிறார்கள். காரிலோ, கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சினின் பெல்ட். அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சுற்றி ஒரு 'ஸீல்' வேண்டும். எஞ்சின் அதிர்வதால் சில இடங்களில் ரப்பர் குழாய் வேண்டும். இணைப்புக்கு இணைப்பு ரப்பர் வளையம் வேண்டும். ரப்பருக்கு வயசானால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் பிரஷர் குக்கர் காஸ்கெட்டே சொல்லும்! ஆகவே, பல வருஷங்களுக்கு ஒரு தடவை கொஞ்சம் காஸ் குறைவது இயல்பு. வருஷா வருஷம் குறைந்தால் அது வியாதி.

'போகட்டும், வருஷம் ஒரு தடவை நிரப்பினால் போயிற்று' என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்ரஸரைக் காப்பாற்றும் எண்ணெய், இந்தக் காஸுடன் கலந்துதான் சுற்றி வருகிறது. காஸ் கசியும் வழியாக எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒரு நாள் கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். சின்ன ரப்பர் வளையத்தில் தீரவேண்டிய காரியம், இந்த ஏற்பாட்டிலேயே விலை உயர்ந்த உறுப்பில் போய் முடியும்.

முதலில், இது கசிவுதானா என்று நீங்களே கண்டுகொள்ளலாம். காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சி இல்லை என்றால் காஸ் குறைந்திருக்கலாம். குளிர்ச்சி இருக்கிறது, காற்றுத்தான் மந்தம் என்றால் உள்ளே உள்ள ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். ஓடும்போது குளிர்ந்து, ஸிக்னலில் நின்றால் சுடுகிறதா? கண்டென்ஸர் விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் 'டக், டக்' என்று சில விநாடிக்கு ஒரு தரம் சேர்ந்து சேர்ந்து விலகினால், காஸ் குறைவு என்ற சந்தேகம் பலப்படும்.

காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைக் கண்டு பயப்படவேண்டாம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து விழும் நீர் அது, நல்ல அடையாளம். அதே தண்ணீர் உள்ளே காலடியில் சொட்டினால், வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. இரண்டும் காஸ் கசிவு அல்ல.

இனி, கசிவைத் தேடுவோம். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கூடவே கசிந்த எண்ணெயில் தூசி அப்பிக்கொள்ளும். குழாய் இணைப்புகளில், கம்ப்ரஸரின் முன்புறத்தில், கண்டென்ஸரின் மடிப்புகளில் கறுப்பாகப் பிசுபிசுப்பு இருந்தால் அதுவே கள்ளன் வந்துபோன காலடி. துணியால் துடைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதே இடத்தில் மீண்டும் பிசுக்கு ஏறினால் சந்தேகமே இல்லை.

சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்க்கலாம். உள்ளே கொஞ்சமாவது காஸ் மிச்சம் இருந்தால்தான் இது பலிக்கும். பெரிய கசிவையே காட்டும். காஸ் ஏற்றும் வாயின் மூடிகளையும் கவனியுங்கள். அதற்குள் ஸைக்கிள் டியூபில் இருப்பது போன்ற ஒரு சின்ன வால்வு உண்டு. பல சமயம் குற்றவாளி அதுதான்! ஆனால் அதை நீங்கள் அழுத்தவோ கழற்றவோ கூடாது. பீறிட்டு வரும் காஸ் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பேராபத்து.

கண்ணுக்கு அகப்படாத கசிவுக்குப் பட்டறையில் வேறு உபாயங்கள் உண்டு. உள்ளே சாயம் கலந்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் பார்த்தால் கசியுமிடம் பளிச்சென்று மின்னும். முகர்ந்து கண்டுபிடிக்கும் மின்சாரக் கருவி இருக்கிறது. நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றியும் சோதிப்பார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எவாபரேட்டர் கசிந்தால், காற்று வரும் துவாரத்தில் கருவியை வைத்துப் பார்ப்பதுண்டு.

'மீட்டரில் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். உங்கள் சமையலறை ஸிலிண்டரை நினைத்துப் பாருங்கள். கடைசி நாள் வரையில் ஜ்வாலை நன்றாகத்தானே எரிகிறது? எவ்வளவு மிச்சம் என்பதைத் தூக்கிப் பார்த்தல்லவா அறிகிறோம்! இதுவும் அப்படியே. உள்ளே திரவம் சிறிதளவு இருந்தாலும், எஞ்சின் ஓடாமல் 30 டிகிரி உஷ்ணத்தில் நிற்கும் காரில், ஆர்-134ஏ காஸ் சதுர அங்குலத்துக்குச் சுமார் 97 பவுண்டு அழுத்தம் காட்டும். பாதி போயிருந்தாலும் அதே கணக்குத்தான். ஆகவே இருக்கும் காஸை யந்திரத்தால் வெளியே எடுத்து, எடை போட்டு ஏற்றுவதே சரியான முறை. பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் காஸின் பெயரும் எடையும் இருக்கும். சிறிய கார்களில் சுமார் அரைக் கிலோ.

கசிவைச் சரி பார்த்த பிறகு நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. கசிந்த இடம் எது, கழற்றிய பாகம் எங்கே? குழாயைத் திறந்தீர்களே, ஈரம் உறிஞ்சும் 'டிரையர்' புதிதாகப் போட்டீர்களா? காஸ் ஏற்றுமுன் குறைந்தது அரை மணி நேரமாவது வாக்குவம் பம்பு ஓடியதா? எத்தனை கிராம் காஸ், எவ்வளவு எண்ணெய்? இவற்றைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ளமாட்டார். விஷயம் தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவார்.

இரண்டு காரியங்களுக்கு மட்டும் ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். காஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்திக் காப்பதற்குப் பல கார்களில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒயரை ஒட்டி அதை ஏமாற்றி ஓடவைப்பது கம்ப்ரஸருக்குக் குழி தோண்டுவதாகும். மலிவு என்று சமையல் காஸை ஏற்றுவது அதைவிட மோசம். அது தீப்பற்றும். கசிவது நீங்களும் குழந்தைகளும் உட்காரும் இடத்துக்குள் அல்லவா?

இதில் வீட்டுக் கணக்கோடு உலகக் கணக்கும் இருக்கிறது. பழைய கார்களில் இருந்த ஆர்-12 போன்ற காஸ்கள் வானத்து ஓஸோன் படலத்தை அரிக்கின்றன என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1995-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு வந்த ஆர்-134ஏ ஓஸோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. ஓட்டையை அடைக்காமல் வருஷந்தோறும் நிரப்புவது, அவ்வளவையும் ஆகாயத்தில் திறந்துவிடுவதற்குச் சமானம்.

கடைசியாக ஒரு சுலபமான பழக்கம். மார்கழிக் குளிரிலும் வாரத்துக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் ஏ.ஸி.யை ஓடவிடுங்கள். எண்ணெய் சுற்றி வந்து தண்டின் ஸீலை ஈரமாக வைக்கும். ரப்பர் உலர்ந்து வெடிக்காது. இதற்கு ஆகும் செலவு சிறிதளவு பெட்ரோல்தான்.