கீச்சிடும் பிரேக்கும் எண்ணெய்க் கிண்ணமும்

கதவுக் கீல் முனகினால் ஒரு சொட்டு எண்ணெய். கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய். கட்டை வண்டியின் அச்சு அழுதால் வண்டி மை. நம் வீடுகளில் பரம்பரையாக வந்த வைத்தியம் இதுவே. இதையே மோட்டார் காரின் பிரேக்குக்கும் செய்யத் துணிகிறவர்கள் உண்டு என்பதனால் இவ்வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். பிரேக் உராய்வினால் உயிர் காப்பது. எண்ணெயோ உராய்வைக் கெடுப்பது. எண்ணெய் விட்டால் ஓசை நிற்கும், வண்டிதான் நிற்காது!

பட்டுக்குப் பேர்போன ஆரணியிலே காதின் அருமையை எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. தறியின் தாளம் சற்றே பிசகினாலும் நெசவாளர் கையை நிறுத்தி, கோளாறு நாடாவிலா, மிதியிலா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே நெய்வார். வீட்டு வாசலிலேயே காருக்குப் புதிய பிரேக் பேட் மாற்றிக்கொள்ளும் அன்பர்களுக்கும் அந்தக் குணமே வேண்டும்.

இந்தக் கூச்சல் இன்று நேற்று உண்டானதன்று. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வைத்த செப்புப் பேடுகள் உலோகத்தட்டில் உராய்ந்து காதைத் துளைத்தன. பிற்காலத்தில் கல்நார் கலந்த பூச்சு வந்து ஓசையை அடக்கிற்று. ஆனால் கல்நார்த் தூசி நுரையீரலுக்கு நஞ்சு என்பது பின்னர் தெரியவந்தது. ஆகையால் பிரேக் தூசியை ஒருபோதும் வாயால் ஊதலாகாது. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நலம். நம் நாட்டிலும், சென்னையை அடுத்த பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது முதல் இத்தொழில் வேரூன்றி வளர்ந்திருக்கிறது.

ஓசை பிறப்பது எப்படி? பிடில் கம்பியின்மேல் வில் பற்றிப் பற்றி வழுவுவது போல, பேட் டிஸ்க்கைப் பற்றுவதும் வழுவுவதுமாக ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. பேட் தன் இருக்கையில் ஆடினாலும், காலிபர் தடையின்றி நகராவிட்டாலும் அந்த அதிர்ச்சியே கீச்சொலியாகிறது. ஆதலின் பரிகாரம் செய்ய வேண்டிய இடம் பேடின் முதுகும் இருக்கையுமே. அதன் முகம் அன்று.

முன் சக்கரத்து வேலையைச் சொல்கிறோம். சமதரையில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். கழற்றிய காலிபரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டி வழிகிறதா என்று கவனியுங்கள். அது பட்டால் வண்டியின் வர்ணம் போய்விடும். காலிபர் பின்களையும், பேட் அமரும் இடத்துத் துருவையும் நன்கு துடைத்து, உஷ்ணத்தைத் தாங்குவதும் ரப்பருக்குத் தீங்கு செய்யாததுமான பிரேக் கிரீஸை மெல்லிதாகத் தடவுங்கள். பேடின் முதுகுக்கும் ஷிம் தகடு அல்லது அதே கிரீஸ் வேண்டும். பழைய கிளிப்புகள் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டிஸ்க் பளபளத்திருந்தால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் துடையுங்கள். அதில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்கும் மெலிந்திருந்தால் புதிதே போடவேண்டும். இரு பக்கத்துப் பேடுகளையும் சேர்த்தே மாற்றுவது முறை.

சக்கரத்தைப் பூட்டியதும் உடனே புறப்படாதீர்கள். மிதியைப் பலமுறை மிதித்து, அது காலுக்குக் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். இதை மறந்தவருக்கு முதல் மிதியில் பிரேக்கே இராது! பிறகு, சந்தடியில்லாத விடியற்காலையில் ஊருக்கு வெளியே சென்று, சுமார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து வரை நிதானமாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். சற்று இடைவிட்டு எட்டுப் பத்து முறை இவ்வாறு செய்து, வண்டியை ஆறவிடுங்கள். புதிய பேடும் டிஸ்க்கும் இதனால் ஒன்றுக்கொன்று இணங்கிவிடும்.

பனிக்காலத்துக் காலையில் முதல் சில மிதிகளில் மட்டும் எழும் முனகல், டிஸ்க்கில் இரவு படிந்த ஈரத்தினாலும் துருவினாலும் வருவது. அதற்கு அஞ்ச வேண்டாம். நாள்தோறும் ஓயாது கீச்சிட்டால், பேட் தேய்ந்ததை அறிவிக்கவென்றே பல வண்டிகளில் வைத்திருக்கும் உலோக நாக்கு பேசுகிறது என்று கொள்ளலாம். கரகரவென்று அரைத்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தாலோ, அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றாமல் தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.