ஒரு பட்டனில் ஓவியமா?

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அடுத்து வரும் ஆசை, அம்மா அப்பா படத்தைப் பென்சில் ஓவியமாகவோ ஆயில் பெயின்டிங்காகவோ மாற்றிச் சுவரில் மாட்டுவது. நல்ல ஆசைதான். ஆனால் அதற்காக ரெடிமேட் எஃபெக்டைத் தேடி அலையாமல், நாமே செய்துகொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி.

முதல் காரணம், ரெடிமேட் சரக்கை நம்ப முடியாது. போட்டோஷாப்பில் 2012-ல் சி.எஸ்.6 பதிப்போடு 'ஆயில் பெயின்ட்' ஃபில்டர் வந்தது. 2014 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் கொண்டுவந்தார்கள். செய்முறை நம் கையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியம்: முகம். ஃபில்டருக்கு அம்மாவின் மூக்குத்தியும் ஒன்றுதான், பின்னால் தொங்கும் திரைச்சீலையும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுத்துவிடும். பழைய குரூப் போட்டோவில் முகமே கட்டைவிரல் நகம் அளவுதான். அதில் கண்ணும் கரைந்துபோனால் மிச்சம் என்ன? இப்போதைய ஏ.ஐ. செயலிகளோ, தெளிவில்லாத இடத்தைத் தாமே இட்டுக்கட்டி நிரப்பிவிடுகின்றன. பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அது வேறு யாரோ ஒரு அம்மாள். நமக்கு வித்தியாசம் தெரியும். அவரை நேரில் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்கு? சுவரில் இருப்பவர்தான் அவர்களுக்குக் கொள்ளுப்பாட்டி.

"அந்தக் காலத்து ஸ்டூடியோவிலும் டச்சப் செய்தார்களே?" என்று கேட்கலாம். செய்தார்கள். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பென்சிலை வைத்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வேலையை நாமும் செய்யலாம். 'ஜிம்ப்' மென்பொருள் இலவசம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அந்த லேயரை டூப்ளிகேட் செய்து, மேலே இருப்பதை இன்வர்ட் செய்யுங்கள். அதன் மோடை 'டாட்ஜ்' என்று மாற்றினால் படம் ஏறக்குறைய முழுக்க வெள்ளையாகிவிடும். பயப்பட வேண்டாம். மேல் லேயருக்குக் 'காஸியன் ப்ளர்' கொடுங்கள், கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஒரே சீரான இடங்களில் இரண்டு லேயரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெள்ளையாகும். ஓரங்களில் மட்டும் கணக்குத் தீராமல் கோடு நிற்கும். ப்ளர் குறைவானால் மெல்லிய கோடு, கூடினால் நிழலும் சேரும்.

கடைசி வேலைதான் உயிர்நாடி. மேல் லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் சேர்த்து, கண், உதடு, மூக்குத்தி இருக்கும் இடங்களில் சாம்பல் நிறப் பிரஷ்ஷால் மெதுவாகத் தடவுங்கள். அந்த இடங்களில் மட்டும் அடியில் இருக்கும் நிஜப் படம் லேசாக எட்டிப் பார்க்கும். எவ்வளவு தடவுவது என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அம்மா தெரிகிறாரா என்று உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த அசல் கோப்பை மட்டும் தொடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பூ, மலை, கோயில் கோபுரம் என்றால் ஒரு பட்டனை அழுத்தி எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், நானும் ரசிக்கிறேன். போய்ச் சேர்ந்தவர்களின் முகத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நமக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே!