மனப்பாடம் மட்டும் அறிவாகுமா?

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலையை நம்பி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், 5 வயதுப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்காவிட்டால் உடனே 'மக்கு' என்ற பட்டம் கிடைக்கிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஏலச்செடி நட்ட மறுநாளே காய்ப்பதில்லை; மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்குகிறது. நினைவாற்றலும் அப்படித்தான். எண்களை வரிசையாகச் சொன்னால் பெரியவர்கள் ஏறக்குறைய 7 எண்களைத் திருப்பிச் சொல்வோம். 5 வயதுப் பிள்ளை நான்கைந்துதான் சொல்லும். டம்ளர் தண்ணீரை ஒல்லியான பாத்திரத்தில் ஊற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்றே அது நினைக்கும். ஏறத்தாழ 7 வயதில்தான் அந்த மயக்கம் தெளிகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) எடுத்துக்காட்டினார். அடித்தால் அந்த வயது முன்கூட்டி வந்துவிடுமா?

அடி உதவாது, பேச்சு உதவும். நடந்தவற்றைப் பெற்றோர் விரிவாகக் கேட்டுப் பேசும் வீடுகளில் பிள்ளைகளின் நினைவு செழிக்கிறது என ஆய்வுகள் கூறுகின்றன. பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கட்டும். வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னைக்கு என்ன நடந்தது? அப்புறம்? ஏன்?" என்று தமிழில் கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து களைத்துத்தான் வருகிறோம். இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், பெற்றோர்களே! இதற்குச் செலவில்லை, பிள்ளையின் அறிவும் வளரும், நம் தமிழும் தங்கும்.