பயிற்சிக்கு இடம் கொடுப்போம்

ஆசிரியர் உரை

நூலகவியல் முதுகலைப் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் பெற்றவர்கள் இன்று நம் துறையின் எல்லா மட்டங்களிலும் இருக்கிறார்கள். கல்லூரி நூலகர், பள்ளி நூலகப் பொறுப்பாளர், ஆய்வு நிறுவனத்தின் தகவல் அலுவலர், ஊர்ப்புற நூலகத்தில் மதிப்பூதியத்துக்கு வேலை பார்ப்பவர் எனப் பலரும் வேலையை விடாமல், வீட்டையும் பார்த்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் படித்து வாங்கிய பட்டம் அது. இருந்தும் நேர்காணல் மேசையில் "ரெகுலரா, கரஸ்ஸா?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையில் வழங்கும் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 2022 செப்டம்பரில் மானியக் குழு அதை மீண்டும் அறிவித்தது. ஆகவே பட்டத்தின் தகுதியைப் பற்றி இனி விவாதம் தேவையில்லை. மிஞ்சி நிற்பது கைத்திறன் பற்றிய ஐயம். அந்த ஐயத்தை முழுக்க அநியாயம் என்று தள்ளிவிடவும் முடியாது. அதைப் போக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு உண்டோ, அதற்குக் குறையாமல் நூலகங்களை நடத்துகிற நமக்கும் உண்டு.

திருவனந்தபுரத்தை முன்வைத்து இதைப் பேசுவது பொருந்தும். கேரளப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் துறை 1961இல் தொடங்கியது. அதே பல்கலைக்கழகம் 1976இல் தபால்வழிக் கல்விக்குத் தனி நிறுவனம் கண்டது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1989இல் நூலகவியல் இளநிலைப் படிப்பையும் 1994இல் முதுகலைப் படிப்பையும் கொண்டுவந்தது. அதன் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் எல்லைக்குள் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்த பிறகும், நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் நம் பிள்ளைகள் படிப்புக்காகப் பேருந்தேறுகிற ஊராகத் திருவனந்தபுரம் நீடித்தது.

இக்னோ முறையில் படிப்பு எப்படி நடக்கிறது என்பதை நேரடி வகுப்பில் படித்த மூத்தவர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைகள். இளநிலை முடித்தவருக்கு முதுகலை குறைந்தது ஓராண்டு. பாடநூல்கள் அலகு அலகாகப் பிரித்து எழுதப்பட்டவை. இ-ஞானகோஷ் தளத்தில் அவற்றை யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு, ஜூனிலோ டிசம்பரிலோ நடக்கும் பருவத்தேர்வுக்கு 70 விழுக்காடு என மதிப்பெண் பிரிகிறது. படிப்பு மையத்தில் ஆலோசனை வகுப்பும் கணினிச் செய்முறையும் உண்டு. பாடத்திட்டத்தில் குறை காண்பது கடினம். நூலக மேலாண்மை, தகவல் மீட்பு, கணினிப் பயன்பாடு, பாதுகாப்பும் பராமரிப்பும் என வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. இப்பாடநூல்களை நேரடி வகுப்பு மாணவர்களும் தேடிப் படிக்கிறார்கள்.

குறை எங்கே என்று பார்க்க ஒரு நூலைக் கையில் எடுப்போம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' நாவல், சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பு. அட்டையில் தமிழ், உள்ளே தமிழ். டூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113, மலையாளப் புனைகதைக்கு 894.8123. புதிதாக வேலைக்கு வந்தவரின் கை முதல் எண்ணுக்கே போகும். மொழிபெயர்ப்பை மூல இலக்கியத்தோடு வைப்பதே டூயியின் விதி என்பதால் இரண்டாவது எண்தான் சரி. ரங்கநாதனின் கோலன் முறையில் போனால் மூல மொழி, இலக்கிய வடிவம், ஆசிரியர் பிறந்த ஆண்டாகிய 1912 என ஒவ்வொரு முகமாகப் பிரித்து எண்ணைக் கட்ட வேண்டும். அங்கும் இந்த நூல் மலையாளத்தோடுதான் சேரும்.

விதி புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் வாசகர் அதைத் தமிழ் நாவல் அடுக்கில்தான் தேடுவார் என்பதை அடுக்கருகில் நிற்கிறவரே அறிவார். விதியைப் பின்பற்றுவதா, உள்ளூர் வாசகருக்காக மாற்றி வைப்பதா, மாற்றினால் அந்த முடிவை எங்கே குறித்துவைத்து எல்லா மொழிபெயர்ப்புகளுக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பது என்பதெல்லாம் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியவை. அடுத்து அதே நூலைக் கோஹா நூலக மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள். மார்க்21 வடிவத்தில் 041ஆம் புலத்தில் நூலின் மொழி தமிழ், மூலமொழி மலையாளம் என இரண்டையும் குறிக்க வேண்டும். 700ஆம் புலத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் போக வேண்டும். அதை விட்டுவிட்டால், சுந்தர ராமசாமி என்று ஆசிரியர் பெயரில் தேடும் வாசகருக்கு 'ஒரு புளியமரத்தின் கதை' கிடைக்கும், 'செம்மீன்' கிடைக்காமல் போகும். புத்தகம் அடுக்கில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் வேலைக்கு அப்படியே பொருந்தும். ஐம்பது நூல்களைப் பகுத்து, பதிந்து, திருத்தம் வாங்கிய பிறகுதான் கை படியும். தொலைநிலை மாணவருக்குச் சில நாள் செய்முறை வகுப்பில் அந்த ஐம்பது கிடைப்பதில்லை. நூலகத்திலேயே வேலை பார்ப்பவர் எப்படியாவது கற்றுக்கொள்கிறார். திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடரும் பெண்ணுக்கும், வேறு வேலையில் இருந்துகொண்டு இத்துறைக்கு வர நினைப்பவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

நம் துறையின் முன்னோடியே வேலையிடத்தில் கற்றவர்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியர். சேயர்ஸ் குரோய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்தார். ரங்கநாதன் வகுப்போடு நிற்காமல் அந்த நூலகத்தில் வேலை பழகினார். இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரில் சென்று பார்த்தார். ஊர் திரும்பிய பின் 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் கோடைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது வேலையில் இருப்பவர்கள் விடுமுறையில் வந்து படிக்க வழி செய்தார். 1931இல் பல்கலைக்கழகம் அப்பயிற்சியை ஏற்றுக்கொண்டது. வேலையும் படிப்பும் சேர்ந்து நடப்பது நம் மரபுக்குப் புதிதன்று. நடைமுறையில் இருக்கும் ஒரு நூலகம் கதவைத் திறந்து கற்றுக்கொடுத்ததால்தான் இந்திய நூலகவியலே நமக்குக் கிடைத்தது.

திருவனந்தபுரத்தில் அப்படித் திறக்கக்கூடிய கதவுகள் எத்தனை! பாளையத்தில் 1829இல் சுவாதித் திருநாள் காலத்தில் தோன்றிய பொது நூலகம் இன்று மாநில மத்திய நூலகமாக நிற்கிறது. கேரளப் பல்கலைக்கழக நூலகமும் அதே பாளையத்தில்தான். காரியவட்டம் வளாகத்தில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகளும் உள்ள அந்த இடத்தைவிட, பாதுகாப்பும் பராமரிப்பும் என்ற தாளை விளக்க வேறு எங்கே போக வேண்டும்? உள்ளூர் என்ற பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் லாரி பேக்கர் செங்கல்லால் எழுப்பிய வட்டக் கோபுர நூலகம் இருக்கிறது. சமூக அறிவியல் ஆய்வாளருக்குத் தகவல் சேவை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம். தும்பாவில் விண்வெளி ஆய்வு நூலகம், சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவ நூலகம், சட்டமன்றத்தில் சட்டமன்ற நூலகம். இவை போதாதென்று, பி. என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த ஊர்ப்புற நூலகங்கள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. பாடநூலில் வரும் நூலக வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டு இந்த ஊரில் உண்டு. சென்னை, மதுரை, கோவை நூலகர்களும் தத்தம் ஊரை இப்படி ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே நம் வேண்டுகோள் இது. ஒவ்வொரு கல்லூரி, ஆய்வு நிறுவன நூலகமும் ஆண்டுக்கு ஓரிரு தொலைநிலை மாணவர்களைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளட்டும். சனிக்கிழமை ஒரு வேளை போதும். கோஹா, கட்டணமில்லாத் திறந்தமூல மென்பொருள். நடப்புப் பட்டியலைத் தொடாதபடி பழைய கணினி ஒன்றில் ஒரு சோதனைத் தளம் போட்டுவிட்டால், மாணவர் எத்தனை தவறு செய்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. புதிதாக வந்த நூல்களில் இருபதைக் கொடுத்துப் பகுக்கச் சொல்லுங்கள். உங்கள் பணியாளர் போட்ட எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தில் காரணம் கேளுங்கள். வாசகர் கேள்வி வரும்போது அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். பருவ முடிவில் என்னென்ன செய்தார் என்று ஒரு பக்கச் சான்று எழுதிக் கையொப்பமிடுங்கள். 'ரெகுலரா, கரஸ்ஸா' என்று கேட்பவரிடம் நீட்ட அதைவிட நல்ல பதில் இருக்காது.

இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. ஆய்வறிக்கைக்குத் தலைப்பு கிடைக்காமல் தவிக்கும் மாணவரிடம் நம் நூலகத்தின் உண்மையான சிக்கல் ஒன்றைக் கொடுக்கலாம். எடுக்கப்படாமலே கிடக்கும் நூல்கள் எவை, மின்னிதழ்ச் சந்தாவை யார் பயன்படுத்துகிறார்கள், ஊர்ப்புற நூலகத்துக்கு வருகிற சிறுவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பவற்றை ஆராய நமக்கு நேரம் இருப்பதில்லை.

மாணவர்களிடமும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒப்படைப்புகளையும் ஆய்வறிக்கையையும் ஆயத்தமாக எழுதி விற்கும் கடைகள் பெருகிவிட்டன. பிறர் எழுத்தைத் தன் பெயரில் கொடுக்கக் கூடாது என்று நாளை வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியவர் இன்று அதை விலைக்கு வாங்கினால், அவர் இழப்பது மதிப்பெண்ணைவிடப் பெரிது. அடுத்தது, உதவி நூலகர் பணிக்கு மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது அதற்கிணையான தேர்வில் தேர்ச்சியும் கேட்கின்றன. வெறும் தேர்ச்சி மதிப்பெண்ணோடு திருப்திப்படுபவர் அந்த வாசலைத் தாமே மூடிக்கொள்கிறார். மூன்றாவது, சேரும் ஆண்டுக்கு, சேரும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கொல்லத்தில் 2020இல் ஸ்ரீநாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, கேரள மாநிலத்தின் மற்றப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைச் சேர்க்கையைத் தொடரலாமா என்ற வழக்கு கேரள உயர்நீதிமன்றம் வரை போனது. போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டும் இருக்கும் என்று நம்பிச் சேர்வது ஆபத்து.

பணிக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். விண்ணப்பதாரர் எந்த வழியில் படித்தார் என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்று நூல்களையும் ஒரு கணினியையும் அவர் முன் வையுங்கள். அரை மணி நேரத்தில் அவர் வேலை தெரிந்தவரா என்பது விளங்கிவிடும். அந்தத் தேர்வில் நேரடி வகுப்பில் படித்தவரும் தடுமாறலாம், தொலைநிலையில் படித்தவர் தேறலாம்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நம் நான்காம் விதி. நூலகராக விரும்பி இரவில் கண்விழித்துப் படிப்பவரும் நம் வாசகரே. அவர் தட்டுத்தடுமாறித் தானே கண்டுபிடிக்க வேண்டியதை நாம் ஒரு சனிக்கிழமையில் காட்டிவிட முடியும். பயிற்சிக்கு இடம் தரத் தயாராக உள்ள நூலகங்கள் தங்கள் பெயரையும், எந்த நாள், எத்தனை பேர் என்ற விவரத்தையும் நமக்கு எழுதியனுப்புங்கள். அடுத்த ஜூலைச் சேர்க்கைக்கு முன்பாக அந்தப் பட்டியலை ஊர்வாரியாக இவ்விதழில் வெளியிடுவோம்.

ஆசிரியர்