வேலை செய்தால் போதாது, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்

ஒரு செட்டிங்கை மாற்றினோம், உடனே வேலை செய்தது, எழுந்துவிட்டோம். புதிதாக லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கருத்து. நானே பட்டுத் தெரிந்துகொண்டது இது.

வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் டெபியன் 13 நிறுவி, அதன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுத்தேன். இதற்குச் செய்யும் வேலைகளில் ஒன்று, ஒரு பக்கம் வரும் தகவலை மறுபக்கம் அனுப்ப லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அனுமதி தருவது. ஐபி ஃபார்வர்ட் என்ற செட்டிங் 0 என்றால் அனுப்பாது. 1 என்றால் அனுப்பும். பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, ஈடிசி டைரக்டரியில் சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற பைலில் 1 என்று எழுதினேன். கட்டளை கொடுத்து அந்தப் பைலைப் படிக்கவும் வைத்தேன். இன்டர்நெட் வந்தது.

இரண்டு நாள் கழித்து கரண்ட் போய் வந்தது. இன்டர்நெட் வரவில்லை. கேபிளை மாற்றினேன், மோடத்தை அணைத்துப் போட்டேன். ஒரு மாலைப் பொழுது வீணான பிறகுதான் செட்டிங்கைப் பார்த்தேன். மீண்டும் 0!

கெர்னல் இந்த மதிப்புகளை மெமரியில்தான் வைத்திருக்கிறது. பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் என்ற புரோகிராம் சில பைல்களைப் படித்து அவற்றை அமைக்கிறது. 2025-ல் வெளிவந்த டெபியன் 13-ல் அது அந்தப் பழைய பைலைப் படிப்பதில்லை. அன்று நான் கையால் படிக்க வைத்ததால்தான் வேலை செய்தது. வெளியீட்டுக் குறிப்பில் இந்த மாற்றம் சொல்லப்பட்டிருக்கிறது. படிக்காதது என் தவறு.

தீர்வு எளிது. ஈடிசி-க்குள் சிஸ்சிடிஎல்.டி என்ற டைரக்டரியில் 99-நெட்.கான்ஃப் என்று ஒரு பைல் உருவாக்கி, அதே வரியை எழுதுங்கள். பைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்படும். ஒரே செட்டிங் இரண்டு பைல்களில் இருந்தால் கடைசியாக வருவதே நிற்கும். அதனால்தான் 99.

குறிப்பு எழுதும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'கட்டளை கொடுங்கள், முடிந்தது' என்று நிறுத்திவிடுகிறோம். 'ரீஸ்டார்ட் செய்து, மதிப்பு நிற்கிறதா என்று பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால்தான் குறிப்பு முழுமையாகும். இரண்டு நிமிட வேலைதான். கரண்ட் போகும் நாள்வரை காத்திருக்காமல், செட்டிங்கை மாற்றிய கையோடு செய்துவிடுங்கள்.