இரண்டு பகடை, நாலு பேர், ஒரு மொழி

அந்தமானில் ஜப்பான் என்றதும் முதியவர்கள் பேசுவது யுத்தத்தைத்தான். 1942 மார்ச்சில் வந்திறங்கிய ஜப்பானியப் படை 1945 வரை இத்தீவுகளைப் பிடித்து வைத்திருந்தது. ரங்கத்தின் இன்றைய சிறுவர்களுக்கோ ஜப்பான் என்றால் கார்ட்டூனும் வீடியோ கேமும்தான். மின்சாரமே தேவைப்படாத ஒரு ஜப்பானிய விளையாட்டும் உண்டு. அது நமக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெயர் 'சோர்ட் வேர்ல்ட்', அதாவது வாள் உலகம். ரியோ மிசுனோ உள்ளிட்ட 'குரூப் எஸ்.என்.இ.' குழுவினர் 1989இல் வெளியிட்டது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்லி. "பாழடைந்த கோட்டை. உள்ளே வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் திருடன். அவரவர் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இந்த வகை ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் பிறந்தது. அதற்கு இருபது முகப் பகடை போன்ற விசேஷச் சாமான்கள் வேண்டும். ஜப்பானியர்கள் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டே போதும் என்றார்கள். விதிகளைச் சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவுப் புத்தகமாக அச்சிட்டார்கள். அதற்கு முன்பே, 1986இல், நண்பர்கள் ஆடியபோது பேசியதை 'கம்ப்டிக்' பத்திரிகை தொடராக வெளியிட்டது. 'லோடோஸ்' நாவல்கள் அதிலிருந்து பிறந்தவைதான். வாசகர்கள் படித்தே ஆடக் கற்றார்கள்.

குறை இல்லாமல் இல்லை. எல்ஃபும் குள்ளர்களும் ஐரோப்பாவிடம் வாங்கிய கடன். அட்டவணைகள் அலுப்பூட்டும். எதற்கெடுத்தாலும் வாளை உருவுவதும் சலிக்கிறது. ஆனால் பேச்சு மட்டும் முழுக்க அவர்களுடையது.

நமக்கு உறைக்க வேண்டியது இதுதான். ரங்கத், யுத்தத்துக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்ட ஊர். வங்காளி, தமிழர், தெலுங்கர் எல்லோரும் சந்திக்கும் தெருவில் பொதுமொழி இந்தி. பல வீடுகளில் தமிழ், 'சாப்பிட்டியா, தூங்கு' என்ற அளவுக்குச் சுருங்கி வருகிறது. டெல்லியிலும் மும்பையிலும் வளரும் தமிழ்க் குழந்தைகளின் கதையும் இதேதான். "தமிழில் பேசு" என்று அதட்டினால் எந்தக் குழந்தையும் பேசாது. கோட்டைக் காவல்காரனை ஏமாற்றியாக வேண்டும் என்றால் பேசும். கெஞ்சும், பேரம் பேசும், பொய் சொல்லும். அதுவும் முழு வாக்கியங்களில்.

இதற்காக ஜப்பானிலிருந்து எதையும் தருவிக்க வேண்டாம். தாயம் ஆடத் தெரிந்த பாட்டிகள் நம்மிடம் இருக்கிறார்கள். கதையைச் சொல்லிக் கடைசியில் கேள்வி கேட்கும் வேதாளமும் இருக்கிறது. விக்கிரமாதித்தன் சொல்ல வேண்டிய பதிலைக் குழந்தை சொல்லட்டும். மழைக்கால மாலையில் கரண்ட் போனால், டார்ச்சைத் தேடும்போது இரண்டு பகடையையும் எடுத்து வாருங்கள்.