அளவு நோட்டு யார் கையில்?

கல்யாணச் சீரில் பீரோவும் இரும்புக் கட்டிலும் கட்டாயம் என்றாகி வெகுகாலம் ஆகிவிட்டது. கம்பெனிச் சரக்கை விடுங்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் செய்யும் கட்டில்களைச் சொல்கிறேன். அங்கே புகையில் நிற்பவர்களில் காலனிப் பிள்ளைகள் நிறையப் பேர்.

கட்டில் செய்வது லேசான வேலை என்பவர் ஒருநாள் பட்டறையில் நின்று பார்க்கட்டும். சதுரக் குழாயை அளந்து வெட்டி, மூலைமட்டம் வைத்துச் சேர்த்து, முதலில் பொட்டுப் பொட்டாக மட்டுமே பற்றவைப்பார்கள். ஒரு மூலையை ஒரே மூச்சில் முழுதாகப் பற்றவைத்தால், சூடு ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டத்தைக் கோணலாக இழுத்துவிடும். பிறகு எதிரெதிர் மூலைகளைக் குறுக்கே டேப் வைத்து அளப்பார்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் நேர். பள்ளியில் செவ்வகத்துக்குப் படித்த மூலைவிட்டக் கணக்கு இதுதான். அதற்குப் பிறகே முழு வெல்டிங், கசடு தட்டுதல், கிரைண்டர், ரெட் ஆக்சைடு, பெயிண்ட்.

இத்தனையும் தெரிந்தவன் பத்து வருடம் கழித்தும் 'ஹெல்பர்'தான். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அளவெடுப்பதும் விலை பேசுவதும் நோட்டில் எழுதுவதும் முதலாளி. கட்டிலை இறக்கப் போனால் "நீ எந்தத் தெருப்பா?" என்று கேட்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலைத் தாண்ட விடாத வீட்டில் அவன் எப்படி ஆர்டர் பிடிப்பான்? கடைத்தெருவில் பட்டறைக்கு இடம் கேட்டாலும் முதலில் வருவது அதே கேள்விதான்.

இரும்பு வேலை ஒருகாலத்தில் குலத்தொழில். வெல்டிங் மெஷின் வந்தபின் யாரும் கற்கலாம் என்றானது. சொந்தப் பட்டறை மட்டும் இன்னும் நமக்கு எட்டவில்லை.

2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும். வங்கியில் திட்ட அறிக்கை கேட்பார்கள், வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். கணக்கு நோட்டையே தொட விடாமல் வைத்திருந்தவனிடம் இவை எங்கிருந்து வரும்? பேரூராட்சி வணிக வளாகங்களில் பட்டறைக்கு ஏற்ற இடம் வாங்கித் தருவதைத் தாட்கோ தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மானியத்தை மட்டும் அறிவித்துவிட்டு ஒதுங்கக் கூடாது.

எட்டாம் வகுப்பு தேறிய தம்பிகள் ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் பிரிவில் சேரலாம். ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்கள் நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். செய்கிற ஒவ்வொரு கட்டிலுக்கும் குழாய் எத்தனை அடி, எடை எத்தனை கிலோ, ராடு எத்தனை, கூலி எவ்வளவு என்று எழுதி வையுங்கள். தொழில் மையத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.